டெம்போவில் ஏறிய விக்கிரகங்கள்

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் பீரோவைவிடக் கனமான சாமான் ஒன்று உண்டு: "இதை மட்டும் நீங்க தொடாதீங்க, நானே எடுத்துட்டு வாரேன்" என்று வீட்டுக்காரர் சொல்கிற சாமான்.

பிறத்தியார் பீரோவை மூன்றாவது மாடிக்கு ஏற்றி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்களே, வாடகை வீடு மாறி மாறியே பாதிப் பாத்திரத்தை நசுக்கிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளில் பூனாவில் ஒரு பழைய டெம்போவை வாங்கி, சாமான் ஏற்றி இறக்கிப் பிழைத்த செல்வராஜ் நான். என்னோடு எப்போதும் இரண்டு ஹமால்கள் இருப்பார்கள். சுமை தூக்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஒருவன் ஏரவாடா பாண்டுரங். இன்னொருவன் அவன் மைத்துனன். மைத்துனன் பேசவே மாட்டான், ஆனால் ஃப்ரிட்ஜைத் தனியாகத் தூக்குவான்.

நான் அங்கே தமிழ்க் கிறிஸ்தவ சபையில் அங்கத்தினன் என்பதால் சபைக்காரர்கள் வீடு மாறும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன் என்ற விசுவாசம் அவர்களுக்கு. கோயிலில் வெள்ளைச் சட்டையும் பட்டுச் சேலையுமாகப் பார்க்கிற அதே ஆட்களை நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒட்டடையோடு பார்த்திருக்கிறேன். ஒருவர் எதை நம்பி வாழ்கிறார் என்பது பிரசங்கம் கேட்கும்போது தெரியாது, சாமான் கட்டும்போது தெரிந்துவிடும். கீழே வருகிறதெல்லாம் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் நடந்தவை. நடுவில் எலிசபெத் அக்கா வீடு மட்டும் திரும்பத் திரும்ப வரும். அந்த வீட்டுக்கு என்னால் ஒரே தடவையில் சாமான் மாற்றிக் கொடுக்க முடியவில்லை.

முன் சீட்டில் வந்த டிவி

வானவடியில் புதிதாகக் கட்டின அடுக்குமாடிக்கு ஜெயபால் குடும்பம் மாறியது. ஜெயபாலுக்கு ராணுவத்துக் கணக்கு ஆபீசில் வேலை. அவர் மனைவி வசந்தா எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர். வீட்டில் புது கலர் டிவி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதைக் கல்யாணத்துக்கு வந்த ரஜாய்ப் போர்வையில் சுற்றி, டெம்போவின் முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வசந்தா உட்கார்ந்துவிட்டார். சீட்டு போன ஜெயபால் பின்னால் மெத்தைமேல் ஏறி, இரண்டு ஹமால்களுக்கு நடுவே ராஜா மாதிரி வந்தார். ராணுவத்து ரோட்டில் ஸ்பீட் பிரேக்கருக்குக் குறைவா? ஒவ்வொன்றிலும் வசந்தா "இயேசப்பா" என்றார். அன்றைக்கு வழி நெடுக நடந்த ஜெபத்தை நான் எந்த உபவாசக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

சாமான் இறக்கும்போது பாண்டுரங் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே தரை துடைக்கிற துணி, பினாயில் பாட்டில், துணிக் கிளிப், எல்லாவற்றுக்கும் அடியில் குடும்ப வேதாகமம். எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துத் துடைத்து வசந்தாவிடம் கொடுத்து, டிவியை இப்படித் தாங்கிக்கொண்டு வந்தீர்களே, இதை வாளியில் போட்டுவிட்டீர்களே என்று லேசாகத்தான் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"தம்பி, வேதப் புஸ்தகம் விழுந்தா உடையாது. டிவி உடையும்லா?"

ஏற்றின சாமானை இறக்கினது

கோர்படி ரயில்வே காலனியில் தேவசகாயம் அண்ணாச்சி குடியிருந்தார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அவர் மனைவிதான் எலிசபெத் அக்கா. ஒரே மகன் சாம். காலேஜில் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். எங்கள் கோயிலில் கீபோர்டு வாசித்த பையன். அவன் அடக்கத்தன்று நானும் போயிருந்தேன். அதற்குப் பிறகு அக்கா கோயிலுக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் நின்றே போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டமும் அதோடு நின்றது.

நாங்கள் அடுப்படியையும் ஹாலையும் ஏற்றி முடித்து, சாமின் ரூமுக்கு வந்தோம். இரும்புக் கட்டில், சலவை விரிப்பு, தலையணை, சுவரில் அவன் படம், படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி. அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பாண்டுரங்குக்கு என்ன தெரியும்? கட்டிலைத் தூக்குமுன் அதில் உட்கார்ந்து தலைத்துண்டைச் சரிசெய்வது அவன் பழக்கம். உட்கார்ந்துவிட்டான். அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அக்கா அந்த விரிப்பை உருவிப் புது விரிப்பு போட்டு, கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி வெளியே நின்று கெஞ்சினார், கதவு திறக்கவில்லை. ஏற்றின சாமான் அவ்வளவையும் இறக்கி, பழைய இடத்திலேயே வைத்தோம்.

கோபப்பட்டால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும். அண்ணாச்சி கோபப்படவில்லை. பாண்டுரங்கின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"இன்னொரு நாள் பாத்துக்கிடலாம் தம்பி. பொழுது சாஞ்சா நான் ஹால்ல ஒத்தைல ஜெபம் பண்ணுதேன், அவ உள்ள கதவைச் சாத்திக்கிடுதா. ஆண்டவர்கிட்ட பேச மாட்டேங்கா. அந்தக் கட்டில்கிட்டதான் பேசுதா."

சனிக்கிழமை பத்தரை மணி

எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வேண்டாம். இன்னும் கமிட்டியில் இருக்கிறார். நாள் நட்சத்திரம் பார்ப்பதைப் பற்றி அவர் ஜெபக் கூட்டத்தில் பேசினால் பஞ்சாங்கமே பயந்துபோகும். அவர் ஒரு சனிக்கிழமை வீடு மாறினார். காலையில் ஒன்பது மணிக்கெல்லாம் சாமானை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டோம். நான் வண்டியை எடுக்கப் போனேன். அவர் டீ குடிக்கலாம் என்றார். குடித்தோம். டயரில் காற்று குறைகிறதே என்றார். குறையவில்லை. கயிறு தளர்ந்திருக்கிறது என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார். பிறகு இன்னொரு டீ. டீயைவிட அவர் கைக்கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார். பத்தரை தாண்டினதும் ஒரு பெருமூச்சு விட்டு, ஸ்தோத்திரம் சொல்லி, வண்டியை எடுக்கச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகுகாலம். கேட்டதற்கு, சேச்சே, அந்த நேரத்தில் ரோட்டில் கூட்டம் அதிகம், அதற்காகத்தான் என்றார். நான் விடுகிறவனா? ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரைக்கும் அதுதானே, நம் தமிழ் ஆராதனையே நாலரைக்குத்தானே ஆரம்பிக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கோயிலைக் காலையில் மராத்திக்காரர்களும் இங்கிலீஷ் ஆராதனைக்காரர்களும் வைத்துக்கொள்வதால் எங்களுக்கு அந்த நேரம்தான் கிடைத்திருந்தது. பெரியவர் டெம்போக் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அதுக்குத்தான் நான் நாலேகாலுக்கே உள்ள போய் உக்காந்துருதேன் தம்பி."

செருப்பைக் கழற்றின பாண்டுரங்

மராத்திக்காரர்கள் வீட்டில் பாண்டுரங்குக்கு வேலை சுலபம். புது வீட்டுக்குள் முதலில் சாமி போகும், பிறகுதான் மற்றச் சாமான். எங்கள் ஆட்கள் வீட்டில் மட்டும் அவனுக்குக் குழப்பம். தேவ் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பான். எங்களுக்கு அப்படித் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சாமி கிடையாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்குவேன். அவன் நம்ப மாட்டான். சாமி இல்லாத வீடு எங்காவது உண்டா, வெளியாள் தொடக்கூடாது என்று மறைக்கிறார்கள் என்பது அவன் கட்சி.

அப்போதுதான் எங்கள் சபையில் பிரபாகர் என்ற இன்ஜினியர் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தூசி பட்டால் கெட்டுவிடும் என்று எல்லோரும் அதைப் பயந்து பயந்து வைத்திருந்த காலம். அது இருந்த ரூமுக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது, கை கழுவாமல் தொடக்கூடாது. அதற்குப் பூப்போட்ட உறைகூடத் தைத்துப் போட்டிருந்தார்கள். பாண்டுரங் இதையெல்லாம் வாசலில் நின்று கவனமாகப் பார்த்தான். புது வீடு வந்ததும் நான் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் அவன் குழாயடியில் கை கால் கழுவி, செருப்பைக் கழற்றி, கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்விட்டான். ஹாலின் வடகிழக்கு மூலையில் வைத்து, ஒரு கும்பிடும் போட்டான். பிரபாகருக்கு முதலில் ஒரே சந்தோஷம், ஹமால் இவ்வளவு பதனமாகத் தூக்குகிறானே என்று. பாண்டுரங் திரும்பி வந்து, பெரிய காரியத்தை முடித்த திருப்தியோடு இந்தியில் அவரிடம் கேட்டான்.

"சேட், உங்க சாமி உள்ளே போயாச்சு. இனி பாக்கிச் சாமானைக் கொண்டு வரட்டுமா?"

பின் பெஞ்சு

இதற்கிடையில் எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். திருநெல்வேலிப் பழக்கத்தில் நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு, நல்ல குரல், வந்த சூட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்கிரகங்களைப் பிடித்துக்கொண்டார். வேதத்தில் வருகிற ஒருத்தி வீட்டை விட்டுப் புறப்படும்போது தகப்பனுடைய விக்கிரகங்களைத் திருடி ஒட்டகச் சேணத்தில் மறைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள் என்று சொன்னார். வீடு மாறும்போது சாமியை சீட்டுக்கு அடியில் வைத்த முதல் ஆள் அவள்தான் போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இந்தக் காலத்து விக்கிரகங்களை வரிசையாக எடுத்தார். டிவி என்றார், எல்லோரும் வசந்தாவைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் என்றார், பிரபாகர் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினார். பிள்ளைகளுடைய மார்க், அமெரிக்கா, புது மோட்டார் சைக்கிள் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் நான் தூக்கியிருக்கிறேன், அதனால் நன்றாக ரசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஐயர், சிலர் செத்துப்போனவர்களின் படத்துக்கு விளக்கேற்றி வைத்துக்கொண்டு, ஜீவனுள்ள தேவனை வெளியே நிறுத்திவிடுகிறார்கள் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கென்று அண்ணாச்சி எப்படியோ நல்லது பொல்லாதது சொல்லி அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பின் பெஞ்சில் தம் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். ஒரு கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அக்கா எழுந்து சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் செருப்பைக்கூடத் தேடாமல் வெயிலில் இறங்கி நடந்தார். எனக்கு ஐயர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டு, அண்ணாச்சியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். வழியில் ஐயரை நான் வாய்க்கு வந்தபடி பேச, அண்ணாச்சி என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அவர் சொன்னது சரிதான் தம்பி. ஆனா அவளுக்கு இனிமே கோயில் கிடையாது."

ஒரு ஆணி

மனசு பாரமாகிவிட்டதே, ஒரு சின்னது சொல்கிறேன். ஏரவாடாவில் ஒருவர் சொந்த வீடு கட்டிக் குடிபோனார். வாசலில் மாட்ட இரண்டு பலகை. ஒன்றில் கிறிஸ்துவே இந்த வீட்டுக்குத் தலைவர் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் அவர் பெயரும் படிப்பும். வாசலில் அடித்திருந்தது ஒரே ஆணி. பிரதிஷ்டை ஜெபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், சுத்தியல் எந்தப் பெட்டியில் போயிற்று என்று தெரியவில்லை. எந்தப் பலகையை மாட்டுவது என்று இரண்டையும் ஏந்திக்கொண்டு நின்றேன். மனிதர் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார்.

"என் பேரை மாட்டிருங்க செல்வராஜ். ஆண்டவரை எல்லாருக்கும் தெரியும், என்னைத்தான் தெரியாது."

காலி வீட்டில் ஜெபம்

அண்ணாச்சிக்கு ரயில்வேயில் கொடுத்திருந்த கூடுதல் அவகாசமும் முடிந்தது. அந்தக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்ட குடும்பம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. வானவடியில் ஒரு சின்ன வாடகை வீடு பேசியிருந்தார்கள். ஒரு ஹால், ஒரு படுக்கை ரூம், சந்து மாதிரி இன்னொரு சின்ன ரூம். அந்தச் சின்ன ரூமை சாமுக்கென்று அண்ணாச்சி விட்டுவிட்டார். அப்படியும் அக்கா சம்மதிக்கவில்லை, சம்மதிக்காவிட்டால் போலீசோடு வந்து காலி பண்ணுவார்கள் என்ற நிலைமை. அன்றைக்குக் காலையில் டெம்போவை அந்த வாசலில் நிறுத்தினேன். பாண்டுரங்கிடம், எங்கேயும் உட்காராதே, தரையில்கூட உட்காராதே என்று சொல்லி வைத்திருந்தேன்.

பாதிச் சாமான் ஏற்றியிருப்போம், ஐயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் சாமான் இறங்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் என்னிடம் எதைத் தூக்க வேண்டும் என்று கேட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, கேஸ் சிலிண்டரை உருட்டினார், மாவாட்டுகிற கல்லைப் பாண்டுரங்கோடு சேர்ந்து தூக்கினார், விரலை நசுக்கிக்கொண்டார். அக்கா அவர் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. கடைசியில் சாமின் ரூம் மட்டும் பாக்கி. அக்கா பழையபடி வாசற்படியில் வந்து நின்றார்.

வீடு காலி பண்ணிப் புறப்படும்போது ஹாலில் எல்லோரும் நின்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம். அண்ணாச்சி ஐயரை ஹாலுக்குக் கூப்பிட்டார். ஐயர் போகவில்லை. அக்காவுக்குச் சம்மதமானால் இந்த ரூமில் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. இது கோயில் இல்லையே, விக்கிரகம் இருக்கிற இடம்தானே, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். ஐயர், சொன்னேன், தெரியாமல் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னார். அக்கா வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. ஐயர் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, தம்பி என்ன பாட்டு நல்லா வாசிப்பான் என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். அக்கா முதலில் வாசற்படியில் நின்றபடியே சொன்னார், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து சொன்னார். சாம் குளிக்கும்போது விசில் அடிப்பானாம். ரோட்டுக் கடையில் மிசல் பாவ் சாப்பிட்டுவிட்டு வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்று பொய் சொல்வானாம். ஆஸ்பத்திரியில் கண் மஞ்சளாகக் கிடந்தபோதும், ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வாசிப்பார்கள் என்று கேட்டானாம். சாம் பேரை எடுத்தால் அக்கா தாங்கமாட்டார் என்று நாங்கள் யாரும் அவன் பேரையே எடுத்ததில்லை. அண்ணாச்சி உட்பட. அண்ணாச்சி வாசற்படி வரைக்கும் வந்து நின்றவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் போன பிறகு அந்த ரூமுக்குள் உட்காரத் தமக்குத் தைரியம் வந்ததில்லை என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு ஐயரிடம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா இந்த ரூமுக்குள்ள வந்து என்கூட உக்கார ஒரு ஆள் இல்ல ஐயரே. நான் வேற யார்கிட்ட பேசுவேன்?"

ஐயர் ஜெபம் பண்ணத் தலையைக் குனிந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அக்காவே ஆரம்பித்தார். ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோவம் இன்னும் தீரல என்று ஆரம்பித்தார். ஸ்தோத்திரம் இல்லை, துதி இல்லை, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுகிற மாதிரி எடுத்த எடுப்பில் கேள்விதான். என் பிள்ளையை ஏன் எடுத்தீர் என்று கேட்டார். கேட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடியும் கேட்டார். கடைசியில், பேசாம இருக்க என்னால முடியல ஆண்டவரே, நீரும் பேசாம இருக்காதேயும் என்று முடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹமால்கள் பார்க்கக் கூடாதே என்று கயிறு சுருட்டுகிற சாக்கில் வெளியே ஓடிவந்தேன். அங்கே பாண்டுரங்கின் மைத்துனன், ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வானவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கட்டிலை நானும் பாண்டுரங்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கதவில் இடிக்காமல் அந்தச் சின்ன ரூமுக்குத் திருப்பினோம். அண்ணாச்சி அதற்குள் அங்கே சாமின் படத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஹால் நடுவில் நின்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். வீட்டில் இருந்தது இரண்டு நாற்காலி. ஐயர் நின்றுகொண்டிருந்தார், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று பார்க்க வந்து அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கட்டிலின் கால்மாட்டில் கை வைத்து எங்களை நிறுத்தினார்.

"செல்வராஜ், கட்டிலை இங்க ஹால்ல சுவரோரமா போட்டுரு. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வாறவங்க எங்க உக்காருவாங்க?"

இத்தனை வருஷம் இந்தத் தொழில் செய்ததில் எனக்கு மிச்சம் இடுப்பு வலியும் ஒரு வித்தையும்தான்: யார் வீட்டு விக்கிரகம் எது என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன், என் வீட்டைத் தவிர.